காட்டு டிக்கெட்டின் காசும் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நீலகிரி மாவட்டத்துக் கூடலூரில் இருக்கும் எனக்குத் தொலைபேசி ஓயாது. ஆறு மாதமாகப் பேசாத ஒன்றுவிட்ட அண்ணன்கூட, "நலமா தம்பி? முதுமலையில் சவாரிக்கு டிக்கெட் கிடைக்குமா?" என்று ஒரே மூச்சில் கேட்டுவிடுவார். அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் முதுமலை, மூணாறு பக்கத்து ராஜமலை, தேக்கடி ஆகிய மூன்றையும் சுற்றித்தான் பேச்சு இருக்கும். எனக்குப் பழக்கமான காடுகள் அவைதாம்.

முதுமலை தேசியப் பூங்காவா, சரணாலயமா, புலிகள் காப்பகமா?

மூன்றும்தான். 1940-ல் சரணாலயமானது. அதில் 103 சதுர கிலோமீட்டர் பின்னாளில் தேசியப் பூங்கா ஆனது. 2007-ல் புலிகள் காப்பகம் என்ற பெயரும் சேர்ந்தது. காப்பகம் என்றால் இரண்டு பகுதிகள்: 321 சதுர கிலோமீட்டர் உள்மண்டலம், அதைச் சுற்றி மசினகுடி, சிங்காரா பக்கம் சுமார் 367 சதுர கிலோமீட்டர் வெளிமண்டலம். பணம் எப்படி வருகிறது, எத்தனை பேர் உள்ளே போகலாம் என்பதையெல்லாம் இன்று பெரும்பாலும் தீர்மானிப்பவை புலிகள் காப்பகத்துக்கான விதிகளே.

'பூங்கா' என்ற சொல்தான் ஆளை ஏமாற்றுகிறது. ஊஞ்சல் எங்கே என்று கேட்ட குழந்தையைப் பார்த்திருக்கிறேன்; கேட்ட பெரியவரையும் பார்த்திருக்கிறேன். சென்னைக்காரர்கள் பலர் கிண்டி தேசியப் பூங்காவுக்குப் போயிருப்பதாகச் சொல்வார்கள். அவர்கள் போனது அதை ஒட்டிய சிறுவர் பூங்காவுக்கு. சுமார் 2.7 சதுர கிலோமீட்டர் காடு வேலிக்கு உள்ளே இருக்கிறது. பொதுமக்கள் அங்கே போக முடியாது. ஒரு தேசியப் பூங்கா தன் பெரும்பகுதியைப் பூட்டியே வைத்திருக்கலாம், அதில் சட்டப்படி தவறே இல்லை.

இந்தக் காடுகளை நடத்தும் பணம் யாருடையது?

பெரும்பகுதி வரிப்பணம். 1973 ஏப்ரல் 1 அன்று புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோது நாட்டில் ஒன்பது காப்பகங்கள் இருந்தன, இன்று 58. தமிழ்நாட்டில் மட்டும் ஐந்து: களக்காடு-முண்டந்துறை, ஆனைமலை, முதுமலை, சத்தியமங்கலம், ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை. ஒருமுறை செய்யும் செலவில் மத்திய அரசு 60 பங்கும் மாநில அரசு 40 பங்கும் ஏற்கின்றன. ஆண்டுதோறும் வரும் செலவு பாதிக்குப் பாதி. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு மட்டும் மத்திய அரசு 90 பங்கு தருகிறது.

2025-26 மத்திய பட்ஜெட்டில் புலிக்கும் யானைக்கும் சேர்த்து ஒதுக்கியது சுமார் 290 கோடி ரூபாய். யானைகளை மறந்துவிட்டு 58-ஆல் வகுத்தால்கூட ஒரு காப்பகத்துக்கு ஐந்து கோடி. நகரத்தில் ஒரு சிறிய மேம்பாலத்துக்குக்கூட இது போதாது.

இன்னொரு வாய்க்காலும் உண்டு. அணைக்கோ சுரங்கத்துக்கோ காட்டு நிலத்தை எடுப்பவர்கள் கட்டும் இழப்பீட்டுத் தொகை, ஈடுசெய் காடு வளர்ப்பு நிதியில் சேர்கிறது. 2019-ல் இந்த நிதியிலிருந்து மாநிலங்களுக்கு 47,000 கோடி ரூபாய்க்கு மேல் கைமாறியது. ஓர் இடத்தில் காட்டை வெட்டியதற்கான காசில் இன்னோர் இடத்தில் காட்டைப் பார்த்துக்கொள்கிறோம். சொல்லும்போதே நாக்கு கசக்கிறது, ஆனால் நடைமுறை இதுதான்.

அந்தப் பணம் என்னதான் ஆகிறது? வெளியே எதுவும் தெரியவில்லையே?

தெரியாததுதான் அந்த வேலையின் இயல்பு. முதுமலையில் யானை முகாம் இருக்கும் தெப்பக்காட்டுக்குப் போகும் வழியில் சாலையின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குப் புல் செத்தி, கருகிய தரை தெரிகிறது அல்லவா? பயணிகள் அதைப் பார்த்து, 'காட்டைக் கொளுத்திவிட்டார்கள்' என்று படம் எடுத்துப் பரப்புவார்கள். அது தீத்தடுப்புக் கோடு. பனி காய்ந்த பிறகு, வெயில் முற்றுவதற்கு முன், ஆட்கள் வரிசையாக நின்று புல்லை வெட்டிக் குவித்துக் காற்றில்லாத நேரம் பார்த்து எரிப்பார்கள். யாராவது வீசிய பீடித் துண்டு காட்டுக்குள் தாவாமல் இருக்க இந்த ஏற்பாடு. கூலிக்கான பணம் ஜனவரியில் வராமல் மார்ச்சில் வந்தால் அந்தப் பணத்தால் பயன் ஒன்றுமில்லை. காட்டுக்குப் பணம் எவ்வளவு என்பதைவிட எந்த மாதம் என்பதே முக்கியம்.

மற்றபடி வேட்டைத் தடுப்புக் காவலர்களின் ஊதியம், காட்டில் களையாகப் பரவும் உண்ணிச்செடியை அகற்றுதல், குட்டைகளில் தண்ணீர் நிரப்புதல், முகாம் யானைகளின் ராகி உருண்டை, பாகன்களின் சம்பளம். உள்மண்டலத்திலிருந்து விரும்பி வெளியேறும் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் இப்போது 15 லட்சம் ரூபாய் என்று விதி. இது பெரிய செலவு, பெரிய சச்சரவும். மேற்படி காவலர்களில் பலர் அந்தந்த மலையின் பழங்குடியினர், நிரந்தரப் பணி இல்லாதவர்கள். இருட்டில் யானையின் மூச்சை வைத்தே அது எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று சொல்லும் மனிதர் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று கேட்கும்போது எனக்கு முகம் கொடுக்க முடிவதில்லை.

நான் கொடுக்கும் டிக்கெட் காசு எங்கே போகிறது?

முன்பெல்லாம் நேராக அரசுக் கருவூலத்துக்குப் போய், அங்கே பத்திரப் பதிவுக் கட்டணத்தோடும் பெட்ரோல் வரியோடும் கலந்துவிடும். காட்டுக்கு அது திரும்பி வருவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. 2006-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தியபோது 38 எக்ஸ் என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஓர் அறக்கட்டளை வேண்டும். நுழைவுக் கட்டணம் போன்றவற்றை அந்தக் காப்பகத்துக்கே திருப்பிச் செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே முறையாக நடக்கும் இடத்தில் உங்கள் காசு அந்த மலையிலேயே தங்குகிறது.

ரசீது கேட்டு வாங்குங்கள். ஒருமுறை ஒரு காட்டு வாயிலில், இடத்தின் பெயர் வேண்டாம், ஆறு பேருக்குப் பணம் வாங்கிக்கொண்டு நாலு பேருக்குச் சீட்டு கிழித்தார்கள். மீதி இரண்டு பேர் கணக்குப்படி காட்டுக்குள் போகவே இல்லை. நாங்கள் ஆறு பேரும் யானை பார்த்தோம்.

டிக்கெட் விலையைக் கூட்டினால் கூட்டமும் குறையும், பணமும் சேரும் அல்லவா?

என் அண்ணனின் பிரியமான யோசனை இது. பாதி சரி. பணம் கொஞ்சம் கூடும். கூட்டம் குறையாது, ஆள் மாறுவார். ஐந்து பேராக வந்த ஆசிரியர் குடும்பம் போய், ஒரே ஆள் பெரிய கேமராவோடு வருவார். வண்டிக்கு எல்லாம் ஒன்றுதான். காட்டுக்கு வண்டிதான் கணக்கு. அதோடு, நிறையக் காசு கொடுத்தவருக்குப் புலி கட்டாயம் தெரிந்தாக வேண்டும். ஓட்டுநரை விரட்டுவார், ஓட்டுநர் புலியை விரட்டுவார். கட்டணம் நியாயமாகவும் எண்ணிக்கை கறாராகவும் இருப்பதே என் கட்சி.

எண்ணிக்கை கறாராக என்றால், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதில் இதுதான்.

2012 ஜூலை 24 அன்று உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் உள்மண்டலத்தில் சுற்றுலாவையே தற்காலிகமாக நிறுத்தியது. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்ட பிறகு அக்டோபர் 16 அன்று தடை விலகியது. அந்த நெறிகளின்படி உள்மண்டலத்தில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக்கூடாது. புதிய கட்டடங்களும் கூடாது. முதுமலையின் 321-ல் கணக்குப் போட்டால் 64 சதுர கிலோமீட்டர் வரும்.

வண்டிக் கணக்கை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். எண்கள் நானாக வைத்துக்கொண்டவை. காட்டுக்குள் 40 கிலோமீட்டர் சவாரிப் பாதை இருக்கிறது. இரண்டு வண்டிகளுக்கு இடையே 500 மீட்டர் வேண்டும் என்பது நெறி. ஆக, கிலோமீட்டருக்கு இரண்டு, மொத்தம் 80. காடு ஏழு மணி நேரம் திறந்திருக்கிறது, ஒரு சவாரிக்கு மூன்றரை மணி நேரம் என்றால் இரண்டு சுற்று: 160. இது இடத்தை மட்டும் பார்த்து வரும் எண். காடு மூடியிருக்கும் நாட்கள், மழையில் சேறாகும் பாதை, விலங்குகளுக்கு ஏற்படும் தொந்தரவு என்று ஒவ்வொன்றாகக் கழித்தால் 50-க்கு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

கடைசியாக ஒரு கழித்தல். காப்பகத்தில் இருக்க வேண்டிய ஆட்களில், வசதிகளில் எத்தனை சதவீதம் உண்மையில் இருக்கிறது? அறுபது என்றால் 50-ல் அறுபது சதவீதம்: 30 வண்டிகள்.

பணமும் கூட்டமும் முடிச்சுப் போட்டுக்கொள்ளும் இடம் இதுதான். காவலர் பணியிடம் காலியாகக் கிடந்தால், வண்டி எண்ணிக்கையும் அந்த அளவுக்கு இறங்க வேண்டும் என்று கணக்கே சொல்கிறது. நாமோ ஆளைக் குறைத்துவிட்டு, வருமானம் வேண்டும் என்று வண்டியைக் கூட்டச் சொல்கிறோம். சவாரி கிடைக்கவில்லை என்று கவுன்ட்டரில் இருக்கும் இளைஞரிடம் சத்தம் போடுபவர்கள், அந்தக் காப்பகத்தில் எத்தனை பணியிடம் காலி என்று தங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்டால் பலன் உண்டு.

படகுக்கும் கணக்கு இதேதான். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஒரு விலங்கைப் பார்க்க எல்லாரும் ஒரே பக்கம் சாயலாம் என்பதையும் சேர்த்துத்தான் இருக்கைகளை எண்ண வேண்டும்.

சொந்த காரில் ஏன் உள்ளே விடுவதில்லை?

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள், புரிந்துவிடும். 97 சதுர கிலோமீட்டர் பூங்காவில் பொதுமக்களுக்கு ராஜமலை என்ற ஒரு மூலை மட்டும்தான். காரைக் கீழேயே நிறுத்திவிட்டு, வனத்துறையின் சிறிய பஸ்ஸில் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றி ஏற வேண்டும். மேலே இறங்கினால் ஒரு தார்ச்சாலை, அதில் நடை. அவ்வளவே.

நான் போன அன்று மூடுபனி. முன்னால் நடந்தவரின் குடை மட்டும் தெரிந்தது. சாலையோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி ஒரு வரையாடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் கொம்பில் வரிவரியாக இருந்த வளையங்களை எண்ணும் தூரம். ஹார்ன் இல்லை, கதவு சாத்தும் சத்தம் இல்லை. அதனால் அது எங்களைச் சட்டை செய்யவில்லை. இருநூறு கார்கள் மேலே வந்திருந்தால் அந்த ஆடு அடுத்த மலையில் இருந்திருக்கும். பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் ராஜமலையை மூடிவிடுவார்கள், குட்டி ஈனும் காலம். விடுமுறையை அதற்குத் தகுந்தாற்போல் அமைத்துக்கொள்ளுங்கள். ஆடு உங்கள் விடுமுறைக்குத் தகுந்தாற்போல் ஈனாது.

2018-ல் குறிஞ்சி பூத்த இடமும் இதுதான். அடுத்த பூப்பு 2030-ல்.

நீலகிரி இ-பாஸ் எடுத்தால் முதுமலைச் சவாரிக்கும் சேர்த்தா?

இல்லை. இ-பாஸ் மாவட்டத்துக்குள் வண்டி நுழைவதற்கு. சவாரி டிக்கெட் தனி. 2024 கோடையில் சென்னை உயர் நீதிமன்றம் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. முதலில் எத்தனை பேர் கேட்டாலும் பாஸ் கிடைத்தது. அதாவது எண்ணினார்கள், நிறுத்தவில்லை. 2025 கோடைக்குத்தான் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000 வண்டிகள், சனி ஞாயிறில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசு பஸ்ஸில் வந்தால் இ-பாஸே வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் அண்ணன் காதில் ஏறுவதில்லை.

உள்ளூர்க்காரர்களுக்கு இதில் என்ன கிடைக்கிறது?

இடத்துக்கு இடம் மாறும். நன்றாக நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். தேக்கடியில் 1990-களில் உலக வங்கி உதவியோடு சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. அந்தக் காட்டில் வயணா என்ற காட்டு லவங்கப்பட்டை மரத்தின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றுப் பிழைத்த ஒரு கூட்டம் இருந்தது. வழக்கு, சிறை, ஜாமீன், மறுபடி காடு என்று ஓடிய வாழ்க்கை. அவர்களோடு வனத்துறை பேச்சு நடத்தி, அவர்களையே வழிகாட்டிகளாக்கியது. அதிகாரியிடம் பிடிபடாமல் இருக்கக் கற்ற பாதைகளில் இப்போது சுற்றுலாப் பயணிகளை அழைத்துப் போகிறார்கள். கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு. கூடவே ரோந்தும் நடந்துவிடுகிறது. குமுளிப் பெண்கள் 'வசந்த சேனை' என்று குழு அமைத்து, கூலி வாங்காமல் காட்டில் ரோந்து போவதும் அங்கே உண்டு.

இதையே எல்லா இடத்திலும் செய்துவிடலாமா என்றால், அவ்வளவு சுலபம் இல்லை. படிப்படியாக நம்பிக்கை வளர ஆண்டுகள் ஆகும். அதிகாரி மாற்றலாகிப் போக ஒரு காகிதம் போதும்.

ரிசார்ட்டில் தங்கினாலும் காட்டுக்குப் பணம் போகும்தானே?

பெரும்பாலும் போகாது. அறை வாடகை உரிமையாளருக்கு. வாடகையில் 'காட்டுக் காட்சி' என்று சேர்த்து வாங்குவது, யாரும் அவருக்கு எழுதிக் கொடுக்காத காடு. மசினகுடியை ஒட்டிய சீகூர் பீடபூமியில் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகளை அகற்றும் வழக்கில், 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அடுத்த ஜனவரியிலேயே அதே பகுதியில், அனுமதியின்றி நடந்த ஒரு விடுதியின் பக்கம் வந்த யானை மீது எரியும் துணியை வீசினார்கள். அந்த யானை இறந்துபோனது. முன்பதிவு செய்யும்முன் பதிவு பெற்ற விடுதியா என்று கேளுங்கள். இரவில் காட்டுக்குள் கூட்டிப்போகிறோம் என்று எவராவது சொன்னால் அங்கே தங்கவே வேண்டாம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களில் இரவுச் சுற்றுலாவைத் தடை செய்துவிட்டது. உள்மண்டலச் சவாரியில் செல்போனுக்கும் அதே தீர்ப்பில் தடை.

கோயிலுக்குப் போகிறவர்களுக்கும் இந்த விதிகள் உண்டா?

உண்டு, இருந்தாக வேண்டும். சுற்றுலா என்றாலே ஜீப் சவாரியை மட்டும் நினைக்கிறோம். களக்காடு-முண்டந்துறைக் காப்பகத்துக்குள் காரையாறில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கில் கூடுவார்கள். குடில் போட்டுத் தங்கி, பொங்கலிட்டு, தாமிரபரணியில் குளித்து வருவது திருநெல்வேலி, தூத்துக்குடிக் குடும்பங்களுக்குத் தலைமுறைப் பழக்கம். 'வராதே' என்று சொல்ல எவருக்கும் வாய் வராது, சொல்லவும் கூடாது. ஆகவே தனியார் வண்டிகளைக் கீழே அகஸ்தியர்பட்டியில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து அரசு சிறப்பு பஸ்கள். பிளாஸ்டிக் சோதனை தனி. ராஜமலையில் செய்வதையே இங்கே பக்தர்களுக்குச் செய்கிறார்கள். இந்த ஏற்பாட்டின் செலவு யார் தலையில் என்பது ஆண்டுதோறும் எழும் கேள்வி.

மலையேற்றத்துக்குப் போகலாமா?

அனுமதியோடு போகலாம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி தீயில் சிக்கி 23 பேர் மாண்ட பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையப் பதிவோடும் பழகிய வழிகாட்டிகளோடும் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று தொடங்கியது. தீப்பருவத்தில் மூடிவிடுவார்கள். அப்போது கெஞ்ச வேண்டாம்.

அமெரிக்காவில் எல்லாம் சிறப்பாக நடக்கிறதாமே?

சில. அங்கே 2004-ல் வந்த சட்டப்படி, வசூலாகும் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் பெரும்பாலும் அந்தப் பூங்காவிலேயே தங்கும். சயன் பூங்காவில் 2000 முதல் பஸ் விட்டு, பருவ காலத்தில் கார்களை அந்தப் பள்ளத்தாக்குச் சாலையில் நுழையாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் 2018 டிசம்பரில் அரசுக்கு நிதி ஒதுக்கீடு நின்றுபோய் 35 நாள் அலுவலகங்கள் முடங்கியபோது, ஊழியர் இல்லாமல் பூங்காக்களைத் திறந்து வைத்தார்கள். கழிப்பறைகள் நிரம்பி வழிந்தன. குப்பை அள்ள டிக்கெட் வருமானத்தை எடுத்தார்கள். அது சட்டமீறல் என்று அவர்களுடைய அரசுத் தணிக்கை அமைப்பே பிறகு சொன்னது. ஆள் இல்லாமல் வாசலைத் திறந்தால் எந்த நாட்டிலும் இதுதான் கதி.

புலி தெரியாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்காது. உங்களைப் பார்த்ததற்குப் புலியும் காசு கேட்பதில்லை.

சரி, எப்போது, எப்படி வருவது?

மழை ஓய்ந்த பிறகு, ஒரு செவ்வாயோ புதனோ. கூடலூரில் மைசூரு பஸ் ஏறினால் தெப்பக்காட்டில் இறங்கலாம். காலையிலும் மாலையிலும் முகாம் யானைகளுக்கு உணவு தரும் நேரம் இருக்கிறது. உருண்டையைப் பாகன் வாயில் ஊட்டும்போது யானை கண்ணை மூடிக்கொள்வதைப் பாருங்கள். திரும்புவதை இருட்டும்முன் வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை பந்திப்பூர் வழி மூடியிருக்கும். பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போகும் வழியிலேயே மான் கூட்டம் தெரியும், டிக்கெட் செலவு பஸ் கட்டணம் மட்டும். போன வாரம் இதையெல்லாம் அண்ணனிடம் விளக்கமாகச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, காருக்கு இ-பாஸ் நீயே எடுத்துவிடு" என்றார்.